நான் மருந்து ஊற்றிய கிணறு

தாம்பரத்தில் கொசு ஒழிப்பு வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கான்ட்ராக்ட் வேலை. காலையில் ஒரு தெருவைப் பிடித்தால் வீடு வீடாக ஏற வேண்டும். தொட்டி, டிரம், பூந்தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு, கிணறு. டார்ச் அடித்துப் பார்ப்பேன். கொசுப்புழு இருந்தால் மருந்து ஊற்றுவேன். கேட் ஓரச் சுவரில் சாக்பீஸால் தேதி போடுவேன். எட்டாவது வரை படித்தேன். இந்த வேலைக்கு அது போதும்.

சேலையூர் பக்கம் ஒரு டீச்சர் வீடு என் லைனில் வரும். ரிட்டையர் ஆனவர், தனியாக இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு. மேலே செங்கல் கட்டு, அடியில் வெறும் பாறை. பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் ஊறும். மேடவாக்கத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் மாதத்திலும் இது வற்றியதில்லை.

ஒரு நாள் வாளியை இறக்கி எடுத்தேன். புழு இல்லை. வெள்ளையாக ஒன்று நகர்ந்தது. இறால் மாதிரி, விரல் நகம் நீளம். உடம்புக்குள் இருப்பது வெளியே தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"டீச்சர், உங்க கிணத்துல இறால் கீது."

"குழம்புக்கு ஆகுமா?"

"ஆகும். வருஷம் பூரா புடிச்சா ஒரு கரண்டி தேறும்."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. போனில் படம் எடுத்து, தன்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அனுப்பினார். அவர் இப்போது ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறார். மறுநாளே வந்துவிட்டார். நான் அவரை மேடம் என்று கூப்பிடுவேன்.

பாறைக்கு அடியில் இருக்கும் சந்துகளில், இருட்டுத் தண்ணீரில் வாழும் உயிர் இது என்றார் மேடம். எப்போதாவது கிணற்றுக்குள் வந்துவிடுமாம். அக்கம்பக்கத்தில் எத்தனையோ கிணறுகளில் அவர் வலை போட்டுப் பார்த்தார். எதிலும் இல்லை. இந்த ஒன்றில்தான்.

"அக்கா, ஒரே ஒரு ஹெல்ப். இந்தக் கிணத்துல கொசு மருந்து வேண்டாம். புழுவைக் கொல்றதுக்கு முன்னாடி அது இதைக் கொன்னுடும். நெட் கட்டித் தரேன், கொசு உள்ள போகாது."

சரி என்றேன். அவர் கிணற்றின் மேல் வலை கட்டினார். ஆறு இறாலை மட்டும் கல்லூரிக்குக் கொண்டுபோய் வெளிச்சம் படாத தொட்டியில் வைத்தார். இங்கே ஏதாவது ஆகிவிட்டால் அங்கேயாவது இருக்கட்டும் என்று. நான் வாரா வாரம் வலையைப் பார்த்துத் தேதி போட்டுவிட்டு வந்தேன்.

மழைக்காலம் வந்தது. டீச்சர் கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனார். கேட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் பின் தெருவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு டெங்கு. எங்கள் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"இன்னாக்கா, எங்க கீற? அந்த நாலு தெருவுல ஒரு கிணறு, ஒரு தொட்டி விடக்கூடாது. சாயந்திரம் நானே வந்து வாளி போட்டுப் பார்ப்பேன். ஒரு புழு வந்துச்சு, நாளைக்கு நீ வூட்ல இருந்துக்க."

டீச்சர் வீட்டைத் திறந்தேன். மாமரக் கிளை விழுந்து வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. வாளியில் புழு துள்ளியது. வலைக்கரண்டியால் அரித்து எடுத்திருக்கலாம். கிழிசலைத் தைத்திருக்கலாம். மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்தத் தெருவில் இன்னும் இருபது வீடு பாக்கி.

ஊற்றிவிட்டேன்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்காக ஊற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி அதுதான். மீதி, சாயந்திரம் சூப்பர்வைசர் வருவார் என்பது. அவர் வரவே இல்லை.

கிளையை எடுத்துப் போட்டேன். வலையை இழுத்துக் கட்டினேன். சுவரில் தேதி போட்டேன். பிறகு அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்கடுத்து மேடம் வந்து பார்த்தபோது ஒரு இறாலும் இல்லை. இரண்டு தடவை, மூன்று தடவை வந்தார். இல்லை. டீச்சருக்கு உடனே பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம். அவர் இந்த ஊர்ப் பழைய குடும்பம். நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு வாடகைக்கு வீடு கட்டி விட்டிருக்கிறார். அவர் வீட்டு செப்டிக் டேங்க் கிணற்றுக்கு அந்தப் பக்கம்தான்.

மதில் மேல் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு தெருவுக்கே கேட்டது. கடைசியில் அவர் லாரியை வரவழைத்து டேங்க்கைக் காலி செய்தார். டேங்க் மேல் போட்டிருந்த டைல்ஸை உடைத்து, டேங்க்குக்கு உள்பூச்சும் பூசினார். நான் அப்போது அவர் வீட்டு டிரம்மில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போகும் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. மருந்து ஊற்றினேன் என்பதற்காக யாரும் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள். டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

கல்லூரித் தொட்டியில் இருந்த இறால்கள் குஞ்சு பொரித்தன. டேங்க்கைச் சரி செய்தாயிற்று, இனிமேல் கிணற்றில் விடலாம் என்று மேடம் முடிவு செய்தார். விடுகிற அன்று டீச்சர் என்னையும் கூப்பிட்டார். "மொதல்ல பார்த்தவ நீ, நீ இல்லாம எப்படி?" என்றார்.

மேடம் கறுப்புத் துணி சுற்றிய ஒரு சின்னத் தொட்டியோடு வந்தார். டீச்சர் கண்ணை மூடி இரண்டு வார்த்தை ஜெபம் செய்தார். நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது மேடம் கிணற்றுத் தண்ணீரை மக்கில் மொண்டு வைத்திருந்தார். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கி, பிறகுதான் கிணற்றில் விடுவார்களாம். நான் அன்றைக்கு ஊற்றிய பிறகு அந்தக் கிணறு ஆபீஸின் மருந்து லிஸ்ட்டில் ஏறிவிட்டது. எனக்கு லீவ் விழுந்த இரண்டு வாரமும் மாற்று ஆள் வந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். வலையைப் பார்க்க வந்தவள் என்று டீச்சர் நினைத்திருப்பார். கடைசியாக ஊற்றியது நாலு நாள் முன்பு, கேட் சுவரில் அவள் போட்ட தேதி இருந்தது.

"மேடம், ஊத்தாதீங்க."

மக் அப்படியே நின்றது.

"தண்ணியில மருந்து கீது. நான்தான் ஊத்துனேன். டேங்க் இல்ல, நான்தான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "எப்போ?"

"நீங்க பொண்ணு வூட்டுக்குப் போனப்போ."

"சாவி குடுத்துட்டுப் போனேனே."

"ஆமா."

மேடம் மக்கிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து மூடினார். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். கோபமாகச் சொன்னாரா, சமாதானமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. தொட்டியைக் காருக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். நான் கேட்டைத் திறந்து பிடித்தேன்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டினார். "வா" என்றார். பக்கத்து வீட்டுக்குப் போனோம்.

"அண்ணா, தப்பு எங்க பக்கம். உங்க டேங்க்கால ஒண்ணும் ஆகல. மன்னிச்சிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது. கண்ணு இல்லாத இறாலுக்காகக் கண்ணு இருக்கிறவன் வூட்டு டைல்ஸ ஒடைக்க வச்சிட்டீங்களே."

"என் மேல தப்பு சார்" என்றேன் நான்.

"உன் மேலதான். ஊத்துனது நீ. ஆனா நான் கத்திக்கினு இருந்தப்போ இங்கதான நின்ன? டிரம்முல டார்ச் அடிச்சிக்கினு?"

டீச்சர் எனக்காகப் பேசவில்லை. பேசியிருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஆபீஸில் எழுதிக் கொடுத்து அந்தக் கிணற்றை லிஸ்ட்டிலிருந்து எடுக்க வைத்தேன். புழு வந்தால் நான் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மேடம் மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்தார். ஊறவிட்டு, மறுபடி இறைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, ஏரியில் பிடித்த பொடிப் பூச்சிகளை அதில் விட்டுப் பார்த்தார். முதல் பாட்டிலில் எல்லாம் அடியில் கிடந்தன. அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று அவர் காட்டவில்லை. திண்டில் வைத்திருந்தார், நான் பார்த்தேன்.

பூச்சிகள் சாகாமல் நீந்திய பிறகு, இறால் குஞ்சுகளைக் கிணற்றில் விட்டார். அன்று என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் போனபோது டீச்சர்தான், "விட்டாச்சு" என்றார்.

இப்போதும் போகிறேன். வலையைப் பார்க்கிறேன். புழு இருந்தால் அரித்து எடுக்கிறேன், எவ்வளவு நேரமானாலும். இதுவரை ஒரு இறாலும் வாளியில் வரவில்லை. பாறைக்குள் போயிருக்கும், வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் மேடம். இருக்கலாம். பாறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. டீச்சர் வாசலில் நின்று, "என்ன?" என்று கேட்பார்.

"இல்ல டீச்சர்."

அவர் உள்ளே போய்விடுவார்.