கைராசி இல்லாத காடு

பொறாமை என்றால் எங்கள் ஊர் ஆறுமுகத்தாயைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டில் தோசை சுடும் சத்தம் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். ஆனால் தொண்ணூற்றேழில் புதூர்ப் பக்கம் பெண்கள் சங்கம் தொடங்கி, கருவேல முள் மண்டிக் கிடந்த கரிசல் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தபோது, முதலில் அரிவாளோடு போய் நின்றவளும் அவள்தான். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

சங்கத்துக்குச் சட்டம் பெரிது. தலைவி கிடையாது. உரமூட்டை, பூச்சிமருந்து கிடையாது. விளைவது எல்லோருக்கும் சமம். ஊரில் மற்ற காடுகளில் சுமங்கலிதான் முதல் விதை போடுவாள். இங்கே கைராசியே பார்ப்பதில்லை, சீட்டுக் குலுக்குவார்கள்.

முதல் வருடமே சீட்டு சொர்ணத்தாய்க்கு விழுந்தது. புருஷன் செத்த பிறகு கல்யாண வீட்டில்கூட அடுப்படியோடு நின்றுவிடுகிறவள். குதிரைவாலியைத் தூவினாள். மறுநாளே மழை. அப்படி ஒரு விளைச்சலை அந்தக் காடு கண்டதில்லை.

அவ்வளவுதான், "சொர்ணம் கைன்னா கைதான்" என்று அடுத்த வருடம் சீட்டே போடாமல் அவளைக் கூப்பிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து சங்கத்துக் காட்டைப் பார்க்க வந்தவர்களும் அவளையே விதைப்பெட்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஆறுமுகத்தாய்க்கு வயிறு எரிந்தது. முள் குத்திக் கிழிந்தது யார் கை, படத்தில் இருப்பது யார் கை?

அதற்கடுத்த விதைப்பிலும் சொர்ணத்தாயையே கூப்பிட்டதும் வெடித்துவிட்டாள்.

"கைராசியே கெடையாதுன்னுதான சங்கம் ஆரம்பிச்சோம்? இப்ப இவ கைக்கு மட்டும் ராசி எங்கன இருந்து வந்துச்சு? நாளைக்கு மழை பெய்யலன்னா இவளத்தான ஏசுவீங்க?"

பொறாமையில் பேசினாலும் பேச்சில் நியாயம் இருந்தது.

சொர்ணத்தாய் பெட்டியை இறக்கி நடுவில் வைத்தாள். "யக்கா சொல்லுதது நெசந்தான். சீட்டுப் போடுங்க." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அவிய போனதுல இருந்து, நல்ல காரியத்துக்குன்னு என்னைய முன்னால கூப்பிட்டது இங்கன மட்டுந்தான். அதான் நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றிப் போய் நின்றுகொண்டார்கள். சட்டத்தைக் காப்பாற்றியவள் பக்கம் ஒருத்தியும் இல்லை.

அன்று சீட்டு ஆறுமுகத்தாய் பேருக்கே விழுந்தது. ஆசைப்பட்டபடி முன்னால் போய், கை நிறைய விதையை அள்ளித் தூவினாள். எல்லார் கண்ணும் சொர்ணத்தாய் மேலேயே இருந்தது.