கழுத்து ஸ்கேனுக்குப் பத்தியம் கிடையாது

என் வீட்டுக்காரருக்கு சுகர் டெஸ்ட் என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி. மற்ற நாளெல்லாம் கண்டதைச் சாப்பிடுவார். ரத்தம் கொடுக்கப் போகிற வாரம் மட்டும் ராகிக் களி, கீரை, காலையில் நடை. ராத்திரிக்குச் சோறு கேட்க மாட்டார். சித்தூரில் வேன் ஓட்டுகிற பாதிப் பேர் இப்படித்தான். யாருக்கு எவ்வளவு இறங்கியது என்று ஸ்டாண்டில் பேசிச் சிரிப்பார்கள். ரத்தம் கொடுத்த கையோடு எதிர் ஓட்டலில் பூரி, அதற்கு மேல் ஜிலேபி.

வெறும் வயிற்று டெஸ்ட் ஒன்றுதான் எடுப்பார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தால், "அது துட்டு புடுங்கறதுக்கு" என்று சொல்லிவிடுவார். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "பர்வாலேது, கன்ட்ரோல்ல இருக்கு" என்பார். வெளியே அத்தனை கூட்டம் காத்திருக்கும்போது அவர் வேறென்ன சொல்வார்.

போன வருஷம் புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை. சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். வலது கை விரல் பட்டனைப் பிடிக்கவில்லை. இன்னா ஆச்சு என்று கேட்டேன். ஏதோ சொன்னார். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பிடித்து உட்கார வைத்தேன். காபி ஆறுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

"கை மேல படுத்துக்கினு இருந்தேன், மரத்துப் போச்சி. அதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிக்கினு நிக்கற."

"வாய் மேலயுமா படுத்துக்கினு இருந்தீங்க?" என்றேன். திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே மூளை டாக்டர் ஒரு பெண். கழுத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அதற்கு எத்தனை நாள் முன்னாலிருந்து சோற்றை நிறுத்த வேண்டும் என்று இவர் தெலுங்கில் கேட்டார். டாக்டர் ஒரு நிமிஷம் இவரையே பார்த்தார். எதை வேண்டுமானாலும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இதற்குப் பத்தியம் கிடையாது என்றார். இவருக்கு ஒரே சந்தோஷம். கீழே கேன்டீனில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே போய்ப் படுத்தார்.

கழுத்தில் பசை மாதிரி ஒன்றைத் தடவித் தேய்த்தார்கள். பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் உள்சுவர் இரண்டு பக்கமும் தடித்திருந்தது. இடது பக்கம் கொழுப்பு திட்டாக ஒட்டியிருந்தது. வலது கைக்கும் பேச்சுக்கும் அந்தப் பக்கம்தான் என்றார். மூன்று மாத டெஸ்ட்டும் எடுத்திருந்தார்கள். அது சொல்ல வேண்டியதைச் சொன்னது.

சர்க்கரை ஏறியே கிடந்தால் சுவர் தடிக்கும், நாலு நாள் இறக்கிவிட்டு மறுபடி ஒரேயடியாக ஏற்றினாலும் அடி வாங்குவது அதே சுவர்தான் என்று டாக்டர் சொன்னார்.

"இனிமே பத்தியமா இருந்தா சுவர் இளைக்குமா மேடம்?"

"இதுக்கு மேல தடிக்காம பாத்துக்கலாம். இப்ப அதுதான் வேலை."

இரண்டு நாள் படுக்க வைத்து, மாத்திரை எழுதி அனுப்பினார்கள். தான் சொல்கிறவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, அன்றைக்கு வந்தது வண்டியிலும் வரலாம் என்றார் டாக்டர். இவர் நன்றாகத் தலையாட்டினார். பஸ்ஸில் சித்தூர் திரும்பும்போது பேச்சே வேறு.

"தூரமா ஓட்டாதன்னாங்க. அலிபிரி இன்னா தூரமா?"

நாங்கள் மிஷன் சர்ச் ஆட்கள். மலைக்குப் போவதில்லை. போகிறவர்களை மலையடிவாரத்தில் அலிபிரியில் இறக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். புரட்டாசி சனிக்கிழமை என்றால் வேனில் மடியில் பிள்ளையும் காலடியில் பையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசனுக்கு வேலை பார்க்கிறவள். அந்த மாதத்தில் எனக்கு வேலை கிடையாது. அவர் ஓட்டினால்தான் அடுப்பு எரியும். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். விடிந்தால் டிரிப். நான் உள்ளே போய் வேன் ஓனருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்மா, நான் உன்ன கேட்டனா? சொல்லாம இருந்தா எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சி போச்சே. பொரட்டாசி சனிக்கிழமைக்கு நான் டிரைவருக்கு எங்க போவேன்?"

"எங்கனா போங்கண்ணா."

ஓனரே வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். வாசலில் ஈரத்துணியோடு நின்றவர் என்னைப் பார்த்தார்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"இனிமே இன்னா துன்னுவ?"

எனக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. செய்தது சரி என்றும் தோன்றவில்லை, தப்பு என்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணுங்கள் என்றேன்.

இப்போது பக்கத்துத் தெரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். வீட்டில் தினமும் களியும் கீரையும்தான். வைப்பதைச் சாப்பிடுகிறார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறார். பழக்கத்தில் விடிவதற்கு முன்னே எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். என்னோடு பேச்சு இல்லை. என்னிடம் எதையும் கேட்கக்கூடாது என்று இருக்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய்ச் சொம்பில் மொண்டு கொள்கிறார். சொம்பு வலது கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.