என் தையல் ரூமுக்கு வாசல் இல்ல

இன்னைக்கு புது வீட்டுக்கு மேல்கூரை வார்ப்பு. பணிக்காரங்க இருபது பேருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, பொழியூர் சாளை மீனுல குழம்பும் வச்சுக் கொண்டு போனேன். வார்ப்பு அன்னைக்கு அவங்க வயிறு நிறையணும், இங்க உள்ள மரியாதை அதாக்கும்.

பாத்திரத்தை இறக்கி வச்சிட்டு என் தையல் ரூமைப் பாக்கப் போனேன். மொத்த வீட்டுலயும் நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த ரூமுக்கு ரோட்டைப் பாத்து ஒரு தனி வாசல். துணி தைக்க வாறவங்க வீட்டுக்குள்ள ஏறி இறங்காண்டாமே.

வாசல் இருக்க வேண்டிய இடத்துல முழுச் சுவரு.

"இதென்ன அண்ணா?"

கொத்தனார் தலையைச் சொறிஞ்சாரு. "அக்கா, நீங்க அம்மைக்குத் துணையா நாலு நாளு ஆசுபத்திரியில இருந்தப்போ, சார் துபாயில இருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு. கண்ட ஆளும் வந்து கேறுற வாசல் வேண்டாமாம். உங்ககிட்ட வார்ப்பு முடிஞ்சு சொன்னா போதும்னாரு."

அந்த நாலு நாளும் என்கிட்ட, "நீ அம்மையைப் பாத்துக்கோ, வீட்டை நான் பாத்துக்கிடுதேன்"னு சொன்ன மனுஷன், என் வீட்டுக்காரரு.

பாத்துக்கிட்டாரு.

இருபது பேருக்கும் நான்தான் கிழங்கும் குழம்பும் விளம்பினேன். அவரு சொன்னதுக்கு அவங்க என்ன செய்வாங்க?

மதியம் வீடியோ காலுல வந்தாரு. "வார்ப்பு எப்படி உண்டு, காட்டு."

நான் கேமராவைத் திருப்பி அந்தச் சுவரைக் காட்டினேன்.

"ஹலோ... ஹலோ... ரேஞ்ச் இல்ல, கேக்கல்ல." கட் பண்ணிட்டாரு.

மக்கா, எல்லையில கிடக்குற எங்க காரோடு ஊருல கேரளா டவரும் எடுக்கும், தமிழ்நாடு டவரும் எடுக்கும். ரெண்டும் ஒண்ணா செத்தது இன்னைக்குத்தான்.

உங்க வீட்டுல எந்தச் சுவரைக் காட்டினா ரேஞ்ச் போவும்? சொல்லுங்க, கேப்போம்.