பனிக்குள் ஓர் ஆடிப்பெருக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடிப்பெருக்கு அன்று காலை நடந்தது இது. இடம், சான் பிரான்சிஸ்கோவில் கடல்மேல் கட்டியிருக்கிறார்களே, அந்தச் சிவப்புப் பாலம்.

ஸ்ரீரங்கத்தில் என்னோடு காலை நடை வருகிறவர்கள், அமெரிக்காவில் எந்தெந்த ஊரைப் பார்க்கலாம் என்று அடிக்கடி கேட்பார்கள். நானும் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்து வந்த தைரியத்தில், பார்த்தது பார்க்காதது எல்லாவற்றையும் அள்ளிவிடுவேன். நியூயார்க்கில் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். வாஷிங்டனில் மியூசியம் பார்த்தே கால் வலிக்கும். சான் பிரான்சிஸ்கோ என்று வந்தால் மட்டும், "கண்டிப்பா போங்க, ஸ்வெட்டர் எடுத்துக்குங்க" என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். அவர்களிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஊரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி பேத்தியை விட்டு நகர மாட்டாள். ஆடிப்பெருக்கையும் விட மாட்டாள். ஊரில் என்றால் அம்மா மண்டபம் படித்துறையில் காவிரிக்குப் பூஜை செய்துவிட்டு வருவாள். இங்கே காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, கொஞ்சம் சாமந்திப்பூ எல்லாவற்றையும் ஒரு காகிதப் பையில் போட்டு என் கையில் திணித்தாள். காவிரிக்குச் செய்வதைக் கடலுக்குச் செய்யலாமா என்று கேட்டேன்.

"எல்லா ஆறும் கடல்லதாங்க போய்ச் சேருது. அங்க விட்டா அவளுக்குக் கிடைக்காதா? பேசாம விட்டுட்டு வாங்க."

ஆபீசுக்குப் போகிற வழியில் மாப்பிள்ளை என்னைப் பாலத்தின் ஒரு முனையில் இறக்கிவிட்டார். பை விஷயம் அவருக்குத் தெரியாது. பாலத்தைப் பார்க்க ஆசை என்று மட்டும் சொல்லியிருந்தேன். இறங்கும்போது ஓர் எச்சரிக்கை கொடுத்தார். யாராவது மிரட்டினால் எதிர்த்து நிற்காதீர்கள் மாமா, கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிற ஆள் நான் என்பது அவருக்குத் தெரியாது.

பாலத்தில் கால் வைத்த பிறகுதான், அங்கே பாலமே இல்லை என்பது தெரிந்தது. பத்தடிக்கு மேல் எல்லாம் வெள்ளை. நம் ஊர் மார்கழிப் பனி சாதுவாக ஆற்றின்மேல் படுத்திருக்கும். இது நகர்ந்தது. கம்பிகளுக்கு இடையே புகுந்து, என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்தில் கார்கள் ஓடும் சத்தம் கேட்டது, கார்களைக் காணோம். எங்கோ கீழே சங்கு ஒன்று ஊதியது. கப்பல்களுக்கான எச்சரிக்கையாம். எனக்கோ கிணற்றுக்குள் விழுந்த யானை பிளிறுவதுபோல் இருந்தது.

அதோடு விட்டதா? பாலமே முனக ஆரம்பித்தது. காற்று கம்பிகளில் பட்டால் அப்படிச் சத்தம் வரும் என்று மாப்பிள்ளை பிறகு விளக்கினார். நாதஸ்வரக் கச்சேரிக்கு ஒத்து ஊதுகிறவர் மட்டும் வந்து, மற்ற யாரும் வராமல், அவர் பாட்டுக்கு நிறுத்தாமல் ஊதினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம்.

வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று வேகமாக நடந்தேன். அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம். நான் நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன், நடந்தது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைக்குள் கறுப்பாக ஓர் உருவம். தலையை மூடிய கோட்டு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பாசுரங்களில் பாதிக்குமேல் அன்றைக்கு மறந்துபோய்விட்டது. மீதியை ஒன்றோடொன்று கலந்து சொன்னேன்.

இதற்கு மேல் நடக்கவேண்டாம், பெருமாள் விட்ட வழி என்று ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பயத்திலும் பழக்கம் போகுமா? செருப்புக் காலோடு பூவை விடக்கூடாதே என்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். காவிரிப் பாலத்தில் பழைய மாலையைப் போடுகிறவர்கள் செய்வதுபோல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். தண்ணீரே தெரியவில்லை. கண்ணை மூடிக் கை கூப்பினேன்.

காலடிச் சத்தம் நெருங்கி, என் பக்கத்தில் வந்து நின்றது.

கண்ணைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அறிவுரைதான் ஞாபகம் வந்தது. பர்ஸை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. போனை நீட்டினேன். வாங்கவில்லை. வாட்சைக் கழற்றினேன். நான் ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, எதிரே நின்ற உருவம்தான் அதிகமாக நடுங்கியது. பிறகு தலையை மூடியிருந்த துணியை விலக்கியது. என் அக்கா வயதில் ஒரு வெள்ளைக்கார அம்மா. கண் கலங்கியிருந்தது.

அவர் பேசியதை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: "அதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

பேய் கேட்கிற கேள்வியா இது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பையைத் திறந்து காட்டி, மனைவி, காவிரி, பூ, ஆடி மாதம் என்று உளறினேன். அவர் என் ஷூவைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். பக்கத்துக் கம்பத்தில் இருந்த ஒரு போர்டைப் பார்த்தார். மனசு உடைந்து குதிக்க வருகிறவர்கள் கூப்பிட்டுப் பேசலாம் என்று எழுதி, கீழே போன் வைத்திருந்தார்கள். வரும் வழியெல்லாம் அதைப் பார்த்தும், டாக்சி கூப்பிடத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை யாரென்று நினைத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"என்னைப் பார்த்துப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். ரொம்ப என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. பயப்படுறவங்களுக்கு இன்னும் இருக்கணும்னு ஆசை இருக்கு."

பாலத்திலிருந்து எதையும் போடக்கூடாதாம். கீழே கரைக்கு அவரே வழி காட்டிக் கூட்டிக்கொண்டு போனார். காதோலை, கருகமணி, பூ என்று ஒவ்வொன்றாக அலையில் விட்டேன். தானும் ஒரு பூ விடலாமா என்று கேட்டார். கொடுத்தேன். விடும்போது, குனிந்து ஒரு பெயரைச் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை. வாயை மூடத் தெரியாத நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினேன். பனி இறங்கும் நாட்களில் இப்படித்தான் வந்து நடப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி பாலத்துக்கு ஏறினார். நாலடி போனதும் பனி அவரை முழுங்கிவிட்டது.

வீட்டில் சொன்னதும் மனைவி, "இங்க என்கிட்ட பயப்படுறது போதாதுன்னு ஊருக்கெல்லாம் பயந்துட்டு வர்றீங்களா?" என்றாள். பிறகு பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

போன மார்கழியில், விடிகிற நேரம், காவிரிப் பாலத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். மலைக்கோட்டை பனியில் காணாமல் போயிருந்தது. பாலத்தின் நடுவில் ஓர் ஆள், கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் செருப்பு. பூ விடத்தான் வந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போனேன். அவர் கையில் பூ இல்லை. என் கால் நின்றுவிட்டது. அந்த ஒத்துச் சத்தம் காதுக்குள் திரும்பக் கேட்டது.

பக்கத்தில் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்டீங்களா சார்?" என்றேன்.

விடியற்காலையில், குல்லாவும் மஃப்ளருமாக ஓர் ஆள் வந்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? அவர் இரண்டடி பின்வாங்கிச் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். திருடன் என்று நினைத்துவிட்டார். அவர் பயந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயப்படாதீங்க. வாங்க, மாம்பழச்சாலையில ஒரு காபி சாப்பிடுவோம்."

சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எதற்காக அங்கே நின்றார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆக, நான் கேட்காமல் விட்ட கேள்வி இப்போது இரண்டு.

ஊருக்கே தெரிந்த பயந்தாங்கொள்ளி நான். ஆனாலும் பனி இறங்கினால் இப்போதெல்லாம் வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. யாராவது என்னைப் பார்த்துப் பயப்படட்டும் என்று பாலத்துப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.