ராஜாவிடம் சொல்லிக்கொண்டு போனது

நாங்கள் மலைமேல் நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள். பறிப்பு இல்லாத நாளில் ஷூட்டிங்கில் கூட்டமாக உட்காரக் கூப்பிட்டால் போவோம். அந்த வேலைக்குப் புதிதாகப் போகிற பெண்பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உட்காருவது சுலபம். எழுந்து போவதுதான் கஷ்டம்.

அது உள்ளூரில் நாடகம் போடுகிறவர்களைப் பற்றிய சிரிப்புப் படம். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து ஹாலில் மேடை கட்டியிருந்தார்கள். ராஜா வேஷக்காரர் வசனம் பேசிக்கொண்டே இருப்பார். பார்க்கிறவர்கள் சலித்துப்போய் ஒவ்வொருவராக எழுந்து போக வேண்டும். ஹால் காலியானாலும் அவர் நிறுத்த மாட்டார். இதுதான் சீன்.

கூச்சத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். மெட்ராஸ்காரத் தம்பி டைரக்டர். "அந்தப் பாட்டிய முன்னாடி உக்கார வைங்கப்பா. அவங்க கடைசியா போகட்டும்" என்றார்.

ஆக்‌ஷன் சொன்னதும் எல்லோரும் போனார்கள். நானும் ராஜாவும்தான் மிச்சம். அவர் என் முகத்தைப் பார்த்தே பேசினார். பேசுகிற மனுஷரை விட்டுவிட்டு எப்படிப் போவது? எழுந்து, "போயிட்டு வர்றனுங்க" என்றேன்.

ராஜா சேலத்துக்காரர். வாளைத் தாழ்த்தி, "சரிங்கம்மா, பாத்துப் போங்க" என்றார்.

"கட்! சார், நீங்க ஏன் பதில் சொல்றீங்க?"

"பெரியவங்க சொல்லிக்கிறப்ப எப்படிங்க சும்மா இருக்கறது?"

டைரக்டர் என்னிடம் வந்தார். "பாட்டி, நாடகம் புடிக்காம போறீங்க. யாராவது சொல்லிட்டுப் போவாங்களா?"

"சொல்லாமப் போனா அவுரு சங்கடப்படுவாருங்க."

"அதான் பாட்டி சீனே!"

அடுத்த டேக்கில் வாயை மூடிக்கொண்டேன். தலை ஆடிவிட்டது. ராஜாவும் கிரீடத்தோடு தலையாட்டினார். அதற்கடுத்த டேக்கில் கை குவிந்துவிட்டது.

ஹால் அன்றைக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது. ஷாட் முடியாமல் யாரும் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலில் பனி ஏறிவிட்டது. நாகலூருக்குக் கடைசி பஸ் வருகிற நேரம். என்னோடு பழம் பறிக்கிற மாராயி பல்லைக் கடித்தாள். "ஏனக்கா, பஸ்ஸு போச்சுன்னா காட்டெருமையோடதான் ஊடு போய்ச் சேரோணும். நீ அதுங்ககிட்டயும் சொல்லிக்கிட்டு வருவ."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் காதில் சொன்னேன். அவள் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அக்கா இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துருமாமுங்க. அப்புறம் ஷாட்டுல சொல்லாமப் போயிருமாமுங்க."

"யார்கிட்டம்மா சொல்லணும்?"

"ராசாகிட்டத்தானுங்க."

டைரக்டர் தலையில் கை வைத்தபடி மேடையைக் காட்டினார். நான் ஏறிப்போய் ராஜாவிடம் சொல்லிக்கொண்டேன். திரும்பினால், எனக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் அது மனதில் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ராஜா ஒவ்வொருவருக்கும் "சரிங்க, சரிங்க" என்றார்.

அதற்குப் பிறகு எடுத்த டேக் ஓகே ஆனது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படம் வந்தபோது என் மருமகளே கேட்டாள், "ஏனுங்கத்தை, இப்படியா மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவீங்க?"

ஒருத்தர் முன்னால் கூசுகிற வேலை செய்ய வேண்டியிருந்தால், அந்த ஆளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிறகு எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் செய்யலாம். இது நான் கற்றுக்கொண்டது.

அன்றைக்கு ஓகே சொன்னதும் வெளியே பஸ் ஹாரன் கேட்டது. எல்லோரும் ஓடினோம். வாசலில் நின்று டைரக்டர், "யாருமே சொல்லிட்டுப் போகலயே!" என்று கத்தினார். பஸ் கிளம்பிவிட்டது.

தம்பி, போயிட்டு வர்றோமுங்க.