ஸ்பிரிட் விளக்குக் கூட்டாளி

பள்ளி இறுதி வகுப்பில் சித்தப்பா மகனும் நானும் ஒரே பெஞ்சு. அந்த வருஷப் பொங்கலுக்குத் தென்காசிக்கு வந்த பெரியப்பா, சாப்பிட்டுக் கை கழுவும்போது போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் தங்கிக் காலேஜில் படிக்க ஒரு பையனுக்குத்தான் இடம் இருக்கிறதாம். ரசாயனத்தில் எவன் முந்துகிறானோ அவன் வரலாமாம். ரசாயனம் படித்தவர் அவர். மற்றவை அவருக்குப் பாடங்களே அல்ல. அதுவரை ஒரு முற்றத்தில் உறவாடிய இரண்டு வீட்டாரும் அன்று சாயங்காலமே ஒருவர் பேச்சை ஒருவர் எடைபோட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாளே சித்தப்பா மகன் ஒரு திட்டத்தோடு வந்தான்.

"ஏலே, ஈக்வேஷன், கணக்கு எல்லாம் நான் உனக்குச் சொல்லித் தாரேன். செய்முறைக்கு மட்டும் நீ என்கூட நில்லு. என்ன நெறம் வருதுன்னு வாய்விட்டுச் சொல்லு, அது போதும்."

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இவ்வளவு தாரவன் சும்மாவா தாரான்? நெறத்தைப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணுமாக்கும். ஏன், அவனுக்குக் கண்ணு இல்லையா? பாத்து நடந்துக்கலே."

நானும் பார்த்துத்தான் நடந்துகொண்டேன். விடுமுறை நாட்களில் ஐந்தருவிப் பக்கம் போய்ப் படித்தோம். மாசி மாதம், அருவியில் பேருக்குத்தான் ஈரம். குரங்குகளைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. அவன் கூழாங்கற்களைப் பொறுக்கி, இந்தப் பக்கம் இத்தனை அணு, அந்தப் பக்கம் இத்தனை என்று பாறையில் அடுக்கிக் காட்டுவான். வருஷம் பூராவும் என் மண்டையில் ஏறாதது அந்தப் பாறையில் ஏறியது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் தருகிறானோ என்று வாத்தியாரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. போட்டிக்காரன் எதற்காகச் சரியாகச் சொல்லித் தர வேண்டும்?

யுத்த காலம் என்பதால் ஸ்பிரிட்டுக்குத் தட்டுப்பாடு. செய்முறை வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு விளக்கு. நானும் அவனும் கூட்டாளிகள். கம்பியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினால், பேரியம் பச்சையாக எரியும், ஸ்ட்ரான்ஷியம் சிவப்பாக எரியும். நான் காட்டுவேன். அவன் சுடரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பான்.

"என்ன நெறம்லே?" என்று காதோடு கேட்பான்.

என்னைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன். ஆகவே ஒருநாள் நானும் அவனைச் சோதித்தேன். பச்சையாக எரிந்த சுடரைக் காட்டி, "செவப்பு" என்றேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "சரி" என்று ஸ்ட்ரான்ஷியம் எழுதிக்கொண்டான். கண்முன்னே பச்சையாக எரிவதைச் சிவப்பு என்று ஒருவன் எழுதுகிறான் என்றால், எவ்வளவு ஆழமான ஆளாக இருக்க வேண்டும். என் பொய்யைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொள்ளவில்லை என்று முடிவு செய்தேன். அம்மாவும் அதையே சொன்னாள்.

பரீட்சையன்று ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு விளக்கு. எனக்கு வந்தது பேரியம். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, தூரத்து மேஜையில் அவன் கம்பியைச் சுடரில் காட்டுவதும் எடுப்பதும் மறுபடி காட்டுவதுமாக இருந்தான். அவன் சுடர் என் இடத்திலிருந்தே ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு தடவை அறை முழுவதும் கண்ணை ஓடவிட்டு என்னைக் கண்டுபிடித்தான். நான் என்ன எழுதினேன் என்று வேவு பார்க்கிறான் என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

எழுத்துத் தேர்வில் அவன்தான் முதல். செய்முறையில் பேரியம் என்று எழுதி வைத்திருந்தானாம். அதில் அவனுக்கு வர வேண்டிய இடம் போய்விட்டது. சித்தி ரெண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சித்தப்பா, நான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தார். அவன்தான் குறுக்கே வந்து, "அவன் ஒண்ணும் சொல்லலப்பா, எனக்குத்தான் அது பிடிபடல" என்று அவரைக் கூட்டிப்போனான்.

பாளையங்கோட்டைக்கு நான் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். வண்டி புறப்படும் நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"பச்சைன்னா உனக்கு எப்படிலே தெரியும்?"

"பச்சையாத்தான் தெரியும்" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

சில வருஷங்கள் கழித்து அவன் ரயில்வே வேலைக்கு மனுப்போட்டுப் போனபோதுதான், டாக்டர் அவன் முன்னால் சாயநூல் கண்டுகளைப் பரப்பி, பச்சையை எல்லாம் பொறுக்கச் சொன்னார். பச்சையையும் சிவப்பையும் கலந்து அள்ளி நீட்டினவனை, பிறவியிலேயே இந்தக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அப்படி ஒரு கண் உண்டு என்பதே எங்கள் இரண்டு வீட்டாருக்கும் அன்றுதான் தெரியும். அவனுக்கும் அன்றுதான் தெரியும்.

ஆனால் அந்த ரயில் தென்காசியை விட்டு நகர்ந்தபோது நான் பெரிய புத்திசாலி. அந்தக் கேள்வியில் எனக்கு என்ன கண்ணி வைத்திருக்கிறான் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே போனேன்.