‘யாரு’ அக்காவின் பெட்டி

வீட்டில் தன் அறைக் கதவு தட்டப்பட்டால் அக்கா “யாரு?” என்று கேட்காமல் திறக்க மாட்டார். தட்டியவரோ இருபத்திரண்டு வருடமாகக் கூடவே குடும்பம் நடத்தும் கணவர். வீட்டில் வேறு ஆளும் கிடையாது. “நான்தான்” என்பார் அவர். “நான்தான்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க” என்று உள்ளிருந்து பதில் வரும். காலையில் பல் தேய்க்கும்போது இருவரும் பேசி வைத்துக்கொண்ட அன்றைய சொல்லை அவர் சொல்ல வேண்டும். “குடை” என்றதும் கதவு திறக்கும், காபி உள்ளே போகும். பத்து நிமிடம் கழித்துக் கோப்பையை எடுக்க வந்தால் மறுபடியும் “யாரு?”. இப்போதுதானே சொன்னேன் என்று கேட்டால், “அது அப்ப. இது இப்ப” என்பார். மனிதர் தங்கமானவர். கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை குடை என்பார்.

ஆஸ்பத்திரியில் இவருக்கு ‘யாரு’ அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலை, நெட்வொர்க் பாதுகாப்பு. மூன்றாம் மாடியில், மின்விசிறிகள் ஓயாமல் இரையும் குளிர்ந்த அறையில், ஸ்வெட்டரும் சாக்ஸுமாக உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பது, உயரம் குறைவு. மேல்தட்டு எட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருக்கிறார். அதன் அடியிலும் ஓர் அடையாள எண்ணை ஒட்டியிருக்கிறார்.

அவருடைய கட்சி எளிமையானது. வாசலில் ஒருமுறை சோதித்துவிட்டு, உள்ளே வந்தவர் எல்லாரும் நம் ஆட்கள் என்று நிம்மதியாகத் தூங்குவது மடத்தனம். உள்ளே இருப்பவரையும் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். அதற்கென்றே ஒரு பெட்டி வந்திருக்கிறது. கணினிகள் தங்களுக்குள் பேசுவதெல்லாம் பொட்டலம் பொட்டலமாகப் போகுமாம். பெட்டி ஒவ்வொரு பொட்டலத்தையும் நடுவழியில் நிறுத்தி, பிரித்துப் பார்த்து, பட்டியலில் அனுமதி இருந்தால்தான் விடும். அந்தச் சோதனையைப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லே நேரடியாகச் செய்வதால், வெளியிலிருந்து எவரும் நைசாக நுழைந்து அதன் மனதை மாற்ற முடியாது. “முகதாட்சண்யமே கெடையாது அதுக்கு” என்று புது மருமகளைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாகச் சொல்வார்.

மூன்று வருடம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட பிறகு, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ஒரு நாள் சோதனைக்குச் சம்மதித்தார். ஒரு நோயாளிக்காவது கால் மணி நேரத்துக்கு மேல் தடங்கல் வந்தால் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார். பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எதையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் வழி விட்டுவிடும்.

அக்கா மூன்று வாரம் மாடி மாடியாக நடந்தார். கட்டிலுக்கு அடியில் புகுந்தார், லிஃப்ட் அறையில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கருவிகளை, எது யாரோடு பேசலாம் என்ற குறிப்போடு, லேப்டாப்பில் தட்டிப் பெட்டியில் ஏற்றினார்.

சோதனை நாளன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியின் சின்னத் திரையில் ஓடும் வரிகளை முக்காலி மேல் நின்று படித்துக்கொண்டிருந்தார். காத்திருப்போர் கூடத்து டிவி நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே யாரையோ கூப்பிடப் பார்த்தது. பெட்டி மறித்தது. கண்காணிப்பாளர் அறையில் இருக்கும் கால் அமுக்கும் மெஷின், மருந்துக் கிடங்குக் கணினியிடம் பேச்சுக் கொடுத்தது. அதையும் மறித்தது. “காலை அமுக்குறதுக்கு மருந்து லிஸ்ட் எதுக்கு?” என்று தனக்குத்தானே கேட்டுச் சிரித்ததில் முக்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

பதினோரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் மெஷின் பழுதாகி, கிடங்கிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். படம் டாக்டரின் திரைக்கு வரவில்லை. வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டு ஒரு பெண் படுத்திருக்கிறாள். புதிய மெஷினைப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. அக்கா லேப்டாப்பைத் திறந்தார். பெட்டி அவரை உள்ளே விடவில்லை. மறுபடி முயன்றார், விடவில்லை. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டையும் எதில் உட்கார்ந்து தட்டினாரோ, அந்த லேப்டாப்பைப் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறார்.

அதற்குள் கண்காணிப்பாளர் மேலே வந்துவிட்டார். பொத்தானை அழுத்தச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சார், என்னையே விடல சார்” என்றார், பிள்ளை பரிசு வாங்கி வந்ததைச் சொல்லும் குரலில். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓடினார்.

புதிய கருவி எதைச் சேர்ப்பதானாலும், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர், சேர்க்கச் சொல்லி வந்த ஆளை நேரில் பார்த்து அடையாளம் சரிபார்க்க வேண்டும். விதியை எழுதியவரும் அக்காதான். அதற்கென்று அவர் குறித்துவைத்த ஒருவர், தரைத்தளத்தில் பிரிண்டர் பழுது பார்க்கும் அண்ணன். ஒன்பது வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த மனிதரிடம் தினமும் அடையாள அட்டை கேட்டவர் அக்கா. ஒருநாள் அட்டையை மறந்து வந்தவரை மூன்று மாடி இறங்கிப் போய் எடுத்துவரச் செய்தவர்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “யாரு?” என்றார்.

“அண்ணே, அங்க ஒரு பொண்ணு ஜெல்லோட படுத்திருக்கு.”

“அது சரி. நீங்க யாரு?”

அக்கா அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “இதுல முடி கறுப்பா இருக்கே” என்றார். அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய படம் என்று மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கி, விரல் ரேகையும் வைத்தார் அக்கா. முகமெல்லாம் பல். அண்ணனின் கணினி வழியாக லேப்டாப் பட்டியலில் ஏறியது. அடுத்து ஸ்கேன் மெஷின் ஏறியது. குழந்தையின் படம் டாக்டரின் திரையில் வந்தபோது பதினான்காவது நிமிடம்.

கண்காணிப்பாளர் தன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, பெட்டி இருக்கட்டும் என்றார். போகும்போது, தன் கால் அமுக்கும் மெஷினை மட்டும் விட்டுவிட முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார். அட்டையோடு நேரில் வரச் சொன்னார் அக்கா.

மாலை ஆறு மணிக்கு வீட்டு மணியை அழுத்தினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்த கணவர் ஒன்றுமே கேட்காமல் கதவை அகலத் திறந்து, “பெட்டி தங்கிடுச்சா?” என்றார். அக்கா தலையாட்டினார், பையை அவர் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே வராமல், கைப்பிடியைப் பிடித்து வெளியிலிருந்தே கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மறுபடியும் மணியை அழுத்தினார்.